மிலான் நகரத்து இளைஞரும் தண்டனை நீதியும்

வீரனின் புகழ் நிலைத்தற்பொருட்டுக் கல் நடுதல் தமிழர் கண்ட பழைய வழக்கு. ஒருவனுடைய இழிவு நிலைத்தற்பொருட்டுக் கல் நாட்டிய வழக்கும் உலகில் இருந்திருக்கின்றது. இத்தாலி நாட்டின் வடபகுதியிலுள்ள மிலான் நகரில் 1630ஆம் ஆண்டில் அத்தகைய தூண் ஒன்று நாட்டப்பட்டது. ‘இழிவுத் தூண்’ என்பதே அதற்கு வழங்கிய பெயர். நாவிதர் ஒருவரின் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, அவ்விடத்திலே அத்தூணை நிறுத்தி, இலத்தீன் மொழியிற் பொறித்த கற்பலகை ஒன்றையும் ஆட்சியாளர் பதித்தனர். அந்நிலத்தில் இனி ஒருகாலத்தும் எவரும் வீடு கட்டலாகாது என்பது அப்பலகையின் கட்டளை.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அத்தூண் அங்கே நின்றது. அதன் நிழலைக் கடந்து போயும் வந்தும் வளர்ந்த இளைஞர் சிலரே, பிற்காலத்தில் ஐரோப்பாவின் தண்டனைச் சட்டத்தை அதன் அடித்தளத்திலிருந்து அசைத்தவர்கள். அவர்கள் கையில் ஆட்சி இல்லை, படை இல்லை. நட்பும், வாதிடும் துணிவும், சிறு நூலொன்றுமே அவர்களின் கருவிகள். அவர்களை எதிர்த்து நின்றவர்களோ, பெரும்பாலும் அவர்களைப் பெற்ற தந்தையர் தலைமுறையினர்.

தூண் எழுந்த கதையை முதலில் அறிதல் வேண்டும். 1630இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் வாட்டியது. நோயின் காரணம் எவருக்கும் விளங்கவில்லை. யாரோ நஞ்சு கலந்த களிம்பைச் சுவர்களிலே பூசி நோயைப் பரப்புகின்றனர் என்ற வதந்தி பரவியது. யூன் மாதத்தின் ஒரு காலைப்பொழுதில், மழைக்கு ஒதுங்கிச் சுவரோரமாக நடந்து சென்ற ஒருவர் தம் கையைச் சுவரிலே தேய்த்ததைச் சாளரத்திலிருந்து பெண்ணொருத்தி கண்டாள். அவர் குலியெல்மோ பியாத்சா என்ற சுகாதார அலுவலர். அன்றே ஊர் முழுதும் செய்தி பரவியது. மறுநாள் அவர் சிறையிலிருந்தார்.

பியாத்சா தம்மீது சாட்டிய குற்றத்தை மறுத்தார். கயிற்றிலே தூக்கி வதைத்தனர், மறுத்தார். மீண்டும் வதைத்தனர், மீண்டும் மறுத்தார். பின்னர், உடந்தையானோரின் பெயரைக் கூறினால் தண்டனையில்லை என்ற வாக்குறுதி அளிக்கப்பட்டது. அப்போது அவர் வாயில் வந்த பெயர், யான் யாக்கமோ மோரா என்ற நாவிதருடையது. மோரா கொள்ளைநோய்க்குக் காப்பாக மருந்துக் களிம்பு செய்து விற்றவர். அவர் வீட்டிற் கிடைத்த பாத்திரம் ஒன்றே சான்றாயிற்று. வதையைத் தாங்கமாட்டாத மோரா, கேட்டவற்றுக்கெல்லாம் ஆம் என்றார். வதை நின்றதும் அத்தனையும் பொய்யென்றார். மீண்டும் வதைக்கூடத்துக்குக் கொண்டுசென்றதும் மறுபடியும் ஆம் என்றார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் இருவரும் கொடிய முறையிலே கொல்லப்பட்டனர். உடல்கள் எரிக்கப்பட்டன, சாம்பல் ஆற்றிலே வீசப்பட்டது. மோராவின் வீடு இருந்த இடத்தில் தூண் எழுந்தது.

கள்வனென்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியனின் தவறு தமிழர் நன்கறிந்தது. மிலான் நகரத்து நியாயாதிபதிகளோ ஆராயாது தீர்த்தவர்கள் அல்லர். அவர்கள் நாட்கணக்காக விசாரித்தனர். வினாவையும் விடையையும் ஒன்றுவிடாமல் எழுதிவைத்தனர். சட்டம் வகுத்த படிகள் அனைத்தையும் கடந்தனர். கொடுமை அச்சட்டத்திலேயே தங்கியிருந்தது. அக்கால ஐரோப்பாவின் பெரும்பகுதியில், குற்றவாளி தன் வாயாற் கூறும் ஒப்புதலே சான்றுகளுள் தலையாயதெனக் கருதப்பட்டது. ஒப்புதல் கிடையாவிடின், அதனைப் பெறும் வழியாக வதைத்தல் சட்டநூல்களிலேயே விதிக்கப்பட்டிருந்தது. விசாரணை இரகசியமானது. சட்டம் எழுதப்பட்ட மொழி இலத்தீன். பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஆண்ட யுஸ்தினியன் தொகுப்பித்த சட்டங்களும், அவற்றின்மேல் அறிஞர் அடுக்கிய உரைகளும், ஊர்வழக்குகளும் கலந்த ஒரு பெருங்காடாக அது கிடந்தது. அக்காட்டினுள் வழி தெரிந்தோர் சட்டம் பயின்ற சிலரே.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வருவோம். மிலான் அப்போது ஒஸ்திரிய அரசகுலத்தின் ஆட்சியில் இருந்தது. வியன்னாவிலிருந்து மரியா தெரேசா ஆண்டார். ஆயினும் நகரின் நீதி, செனட் எனப்பட்ட பழைய சபையின் கையிலேயே இருந்தது. உயர்குடிப் பிறந்த சட்ட அறிஞர் அதில் வீற்றிருந்தனர். உயிரை எடுக்கவும் அளிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. தம் தீர்ப்புக்குக் காரணம் கூறும் கடமை இருக்கவில்லை. அச்சபையிற் பெருமதிப்புப் பெற்றவர்களுள் ஒருவர் கபிரியேலே வெரி. அவருக்குப் பியேத்திரோ, அலெசாந்திரோ என்ற மைந்தர் இருந்தனர்.

மூத்தவரான பியேத்திரோ வெரி 1728இற் பிறந்தவர். தந்தை காட்டிய சட்டத்துறை அவருக்குக் கசந்தது. ஒஸ்திரியப் படையிற் சேர்ந்து ஏழாண்டுப் போரின் களத்தைக் கண்டு மீண்டார். ஊர் திரும்பியவர் தம்மைச் சூழ இளைஞர் குழுவொன்றைச் சேர்த்தார். அக்குழுவிற் பலர் இருபதுகளின் நடுவிலிருந்தவர்கள்; அலெசாந்திரோ அதனிலும் இளையவர். வெரி குடும்பத்து மாளிகையின் அறையொன்றிற் கூடி, பிரெஞ்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த புதிய நூல்களைப் படித்தனர். வணிகம், நாணயம், சட்டம், கல்வி ஆகிய எதனையும் விலக்காது வாதித்தனர். வாதம் முற்றி இவ்விளைஞர் முட்டியால் ஒருவரையொருவர் குத்திக்கொண்டனரென ஊரார் நகையாடினர். இளைஞர்கள் அந்த நகைப்பையே பெயராக ஏற்றுத் தம் சங்கத்துக்கு ‘முட்டிக்குத்துக் கழகம்’ எனப் பெயரிட்டனர். 1764 யூன் முதல் 1766 மே வரை ‘கோப்பிக்கடை’ என்று பொருள்படும் பெயருடைய பத்திரிகையொன்றையும் பத்து நாட்களுக்கொருமுறை வெளியிட்டனர். கோப்பிக்கடையில் அமர்ந்து பேசுவோரின் உரையாடல் போன்று எளிய நடையில் அமைந்த கட்டுரைகளைத் தாங்கி அது வந்தது.

இக்கழகத்திலே தண்டனைச் சட்டத்தை ஏட்டில் மட்டுமன்றி நேரிலும் அறிந்தவர் அலெசாந்திரோ. அவர் ‘சிறைப்பட்டோர் காவலர்’ என்ற பதவியை வகித்தார். சிறைக்கூடங்களுக்குச் சென்று, கைதிகளின் முறையீட்டைக் கேட்டு, அவர்களுக்காக அதிகாரிகளிடம் பரிந்து பேசுவது அப்பதவியின் கடமை. சட்டநூல்கள் சில சொற்களிற் கூறிச்செல்லும் வதை, மனித உடலில் எவ்வாறு தோன்றும் என்பதை அவர் அறிந்திருந்தார். மாலையிற் கழகம் கூடியபோது அவ்வறிவு நண்பர்களிடையே பேச்சாயிற்று.

அப்பேச்சைக் கேட்டிருந்தவர்களுள் ஒருவர் செசாரே பெக்காரியா. அவர் 1738இற் பிறந்தவர். பார்மா நகரில் இயேசு சபையாரின் கல்லூரியிற் கற்று, 1758இற் பாவியா பல்கலைக்கழகத்திற் சட்டப் பட்டம் பெற்றவர். கூச்சமும் சோம்பலும் மிக்கவர், கூட்டத்தை அஞ்சுபவர். ஆயினும் ஒருமுறை அதிகாரத்தின் கடுமையைத் தம் வாழ்விலேயே உணர்ந்தார். தெரேசா பிளாஸ்கோ என்ற இளம்பெண்ணை மணக்க அவர் விரும்பியபோது, குடும்பப் பெருமைக்கு அது தகாதென்று தந்தை தடுத்தார். அக்காலச் சட்டம் தந்தையர்க்கு அளித்த உரிமையைக் கொண்டு, அரசாணை பெற்று மைந்தரை வீட்டுக்காவலில் வைத்தார். பெக்காரியா மனம் மாறவில்லை. 1761இல் திருமணம் நடந்தது; இளம் தம்பதியர் வறுமையுற்றனர். தந்தையோடு அவரை மீண்டும் இணக்கி வைத்ததில் பியேத்திரோவின் முயற்சி பெரிது. குற்றம் செய்யாத ஒருவனைப் பிறர் ஆணையொன்று அடைத்து வைத்தல் எத்தகையது என்பதைப் பெக்காரியா நூலிற் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

1763இன் தொடக்கத்தில் எதை எழுதுவதென அறியாது மயங்கிய பெக்காரியாவுக்கு, குற்றமும் தண்டனையும் என்ற பொருளைப் பியேத்திரோ எடுத்துக்கொடுத்தார். அத்துறையிற் பெக்காரியா அதுவரை தேர்ச்சியுற்றவர் அல்லர். நண்பர்கள் ஐயங்களைத் தீர்த்தனர்; சிறை பற்றிய செய்திகளை அலெசாந்திரோ உதவினார். பகலில் நடந்த உரையாடலைக் கேட்டு, இரவிற் சில பக்கங்களை எழுதுவார் பெக்காரியா. சிறிது நேரம் எழுதினாலே களைத்துவிடுவார். துண்டு துண்டாகக் கிடந்த தாள்களைப் பியேத்திரோ தம் கையாற் படியெடுத்து, வரிசைப்படுத்தி, நூலாக்கினார். ஓராண்டுக்குள் வேலை முடிந்தது. மிலானில் அதனை அச்சிடத் துணியாது, தொஸ்கானா நாட்டின் லிவோர்னோ துறைமுக நகருக்கு அனுப்பினர். ‘குற்றங்களும் தண்டனைகளும் பற்றி’ என்ற அந்நூல் 1764இன் நடுப்பகுதியில் வெளிவந்தது. முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. பெக்காரியாவுக்கு அப்போது வயது 26.

நூல் சிறியது, அதன் கருத்துகளோ எளிதிற் புறக்கணிக்க இயலாதவை. குற்றத்துக்குரிய தண்டனையைச் சட்டமே முன்கூட்டி வகுத்தல் வேண்டும். நியாயாதிபதி தம் விருப்பத்துக்கேற்ப அதனைக் கூட்டவோ குறைக்கவோ ஆகாது. சட்டம் தெளிவாக இருத்தல் வேண்டும். குடிகள் பேசும் மொழியில் இருத்தல் வேண்டும். தன் உயிரையும் உடைமையையும் ஆளும் சட்டத்தைத் தானே படித்தறிய இயலாதவன், அதனைப் படிக்கத் தெரிந்த சிலருக்கு அடிமையாவான். குற்றச்சாட்டும் விசாரணையும் வெளிப்படையாக நடத்தல் வேண்டும்; இரகசியமாகக் கோள் சொல்வோரை ஊக்கும் அரசு தன் குடிகளைப் பொய்யராக்குகின்றது. தீர்ப்பு வழங்கப்படுமுன் ஒருவனும் குற்றவாளியல்லன்.

வதையைப் பற்றி அவர் கூறிய நியாயம், ஐரோப்பா முழுதும் பேசப்பட்டது. ஒருவன் குற்றம் செய்தமை உறுதியாயின், சட்டம் வகுத்த தண்டனையே போதும். வதைத்து ஒப்புதல் பெறுவதாற் பயனில்லை. உறுதியாகாவிடின், சட்டத்தின் கண்ணில் அவன் குற்றமற்றவன். குற்றமற்றவனை வதைத்தல் எவ்வாறு நீதியாகும்? மேலும், வதை உண்மையை அறியும் கருவி அன்று. உடல் வலிமையை அளக்கும் கருவியே. வலிய உடல் படைத்த கொலைஞன் தாங்கி நின்று விடுதலை பெறுவான். மெலிந்த உடல் படைத்த குற்றமற்றவன் தாங்கமாட்டாது பொய்யுரைத்துத் தூக்குமேடை ஏறுவான். இருவருள் இழப்பு எவனுக்கு? நாவிதர் மோராவின் கதையை அறிந்த மிலான் வாசகர் இவ்வினாவுக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியிருக்கவில்லை.

தண்டனையின் நோக்கம் யாது என்ற வினாவுக்கும் அவர் புதிய விடை தந்தார். நடந்து முடிந்த குற்றத்தை எவ்வகைக் கொடுமையாலும் நடவாததாக்க முடியாது. ஆதலின், அதே குற்றத்தை அவனும் பிறரும் மீண்டும் செய்யாது தடுத்தலே தண்டனையின் பயன். அத்தடையைத் தருவது தண்டனையின் கடுமையன்று. அது தவறாது வந்து சேரும் என்ற உறுதியே. மென்மையான தண்டனையும் உறுதியாக வருமாயின் மனிதன் அஞ்சுவான். கொடிய தண்டனையாயினும் தப்பலாமென்ற நம்பிக்கை இருப்பின் துணிவான். சிறு குற்றத்துக்கும் பெருங்குற்றத்துக்கும் ஒரே தண்டனை விதிக்கும் நாட்டில், சிறு குற்றம் செய்யப் புகுந்தவன் பெருங்குற்றத்தையும் செய்து முடிப்பான். எனவே குற்றத்தின் அளவுக்குத் தண்டனையின் அளவு ஒத்திருத்தல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, குற்றம் நிகழ்ந்தபின் தண்டித்தலினும் நிகழாது தடுத்தல் சிறந்தது. அதற்குரிய வழிகளுள் உறுதியானதும் கடினமானதும் கல்வி.

மரண தண்டனை பயனுடையதும் அன்று, தேவையானதும் அன்று என அவர் வாதித்த பகுதியே பெரும் புயலை எழுப்பியது. கொலையை வெறுக்கும் சட்டம், கொலையைத் தடுப்பதற்காக ஊரறியத் தானே கொலை புரிவதன் முரணை அவர் எடுத்துக்காட்டினார். நாட்டின் அமைதியே குலைந்திருக்கும் வேளை போன்ற அரிய நிலைகளை மாத்திரம் விலக்காக ஒத்துக்கொண்டார். மரண தண்டனைக்கு மாற்றாக அவர் கூறியது ஆயுள் முழுதும் கடும் உழைப்புடன் கூடிய சிறை. அதுவும் கொடியதே; அக்கொடுமை காண்போர் உள்ளத்தில் நீண்டகாலம் பதியும் என்பதே அவர் கூறிய காரணம். இன்று அப்பகுதியைப் படிப்போர் அவருடன் முற்றும் உடன்படுதல் அரிது. முற்காலத்து இருளிலிருந்து வெளிவந்தவரின் தோளிலும் அவ்விருளின் சிறு பகுதி ஒட்டியிருத்தல் வரலாற்றில் இயல்பு.

எதிர்ப்பு விரைந்தெழுந்தது. இரகசியக் குற்றச்சாட்டைக் கண்டித்த பகுதி தன்னையே குறித்ததெனக் கருதிய வெனிஸ் குடியரசு நூலைத் தடைசெய்தது. 1765இற் பக்கினேயி என்ற துறவி, நூலையும் அதன் ஆசிரியரையும் கடுமையாகத் தாக்கி எழுதினார். மதத்தையும் அரசையும் ஒருங்கே பகைத்தவர் என்பது அவர் சாட்டிய குற்றம். பெக்காரியா அஞ்சித் தளர்ந்தார். வெரி சகோதரர் இருவரும் சில நாட்களிலேயே, நூலாசிரியர் கூற்றாக மறுப்பொன்றை எழுதி வெளியிட்டனர். 1766இல் உரோமைத் திருச்சபை தன் தடைநூற் பட்டியலில் இந்நூலைச் சேர்த்தது. மிலானில் ஒஸ்திரிய அரசின் பிரதிநிதியாயிருந்த பீர்மியன் பிரபு ஆதரவு காட்டியமையால் ஆசிரியருக்குத் தீங்கு நேரவில்லை.

பிரான்சு நாடு இந்நூலுக்காகக் காத்திருந்தது என்றே கூறல் வேண்டும். 1762இல் துலூஸ் நகரத்தில், மதம் மாற இருந்த தன் மகனைக் கொன்றார் என்ற குற்றச்சாட்டின்பேரில், ழான் கலாஸ் என்ற வணிகர் சில்லிற் கட்டிக் கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவரென்று வொல்தேயர் மூன்றாண்டு போராடினார். 1765இல் தீர்ப்பு மாற்றப்பட்டது. மாற்றப்பட்டது தீர்ப்பே, உயிர் மீளவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மொரெல்லே என்பார் பெக்காரியாவின் நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அடுத்த ஆண்டு யூலை முதலாந் தேதி, சமய ஊர்வலத்தின்முன் தொப்பியைக் கழற்றாமை முதலிய குற்றங்களுக்காக, இருபது வயது இளைஞரான ஷெவாலியே டெ லா பார் அபெவீல் நகரிற் கொல்லப்பட்டார். எழுபது வயதைக் கடந்திருந்த வொல்தேயர், அவ்விளைஞரின் மரணத்தைப் பற்றி எழுதிய வரலாற்றைப் பெக்காரியாவை விளித்தே எழுதினார். பெக்காரியாவின் நூலுக்கு விளக்கவுரை ஒன்றையும் அதே 1766இல் வெளியிட்டார். மிலான் இளைஞர் ஓர் அறையில் அமர்ந்து வாதித்த பொருள் இவ்வாறு ஐரோப்பாவின் பொதுப்பொருளாயிற்று.

அவ்வாண்டின் பிற்பகுதியில், பாரிஸ் நகர அறிஞரின் அழைப்பை ஏற்றுப் பெக்காரியாவும் அலெசாந்திரோவும் பயணமாயினர். புகழ்மாலைகள் காத்திருந்தன. கூச்சமுள்ள பெக்காரியாவால் அவற்றைத் தாங்க முடியவில்லை. வீட்டையும் மனைவியையும் நினைந்து வருந்தி, சில வாரங்களிலேயே ஊர் திரும்பினார். அலெசாந்திரோ இலண்டன் சென்று, பின்னர் உரோமாபுரியிலே தங்கிவிட்டார். நூலின் பெருமை யாருக்கு உரியதென்ற மனக்கசப்பு நண்பர்களிடையே புகுந்தது. வெரி சகோதரருக்கும் பெக்காரியாவுக்கும் இருந்த நட்பு முறிந்தது. பொதுநன்மைக்காகச் சேர்ந்த கைகளும் புகழைப் பங்கிடும்போது பிரிதலுண்டு. ஆயினும் நட்பு ஈன்ற நூல் நட்போடு மடியவில்லை.

உருசியப் பேரரசி இரண்டாம் கத்தரீன் பெக்காரியாவைத் தம் நாட்டுக்கு அழைத்தார், அவர் செல்லவில்லை. சட்டச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்காக 1767இல் அப்பேரரசி எழுதிய அறிவுரையிலே நூற்றுக்கும் மேற்பட்ட பிரிவுகள் பெக்காரியாவின் நூலைத் தழுவியவை. அவ்வறிவுரை உருசியாவின் சட்டமாக மலரவில்லை என்பதையும் மறத்தலாகாது. 1770இல் அமெரிக்காவின் பொஸ்தன் நகரில், மக்கள்மீது சுட்ட ஆங்கிலப் படைவீரருக்காக வழக்காட முன்வந்த 35 வயதினரான ஜோன் அடம்ஸ், தம் வாதத்தைப் பெக்காரியாவின் கருத்தைக் கூறியே தொடங்கினார். இங்கிலாந்திலே பெந்தாம் இந்நூலிலிருந்து ஊக்கம் பெற்றார். இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை விதித்திருந்த ஆங்கிலச் சட்டத்தை எதிர்த்துப் போராடிய சாமுவேல் றொமிலி, 1808இல் பணப்பை திருடுவோருக்கு அத்தண்டனை கூடாதெனச் சட்டமியற்றச் செய்தார். எல்லாவற்றினும் குறிப்பிடத்தக்கது, நூல் அச்சேறிய தொஸ்கானா நாட்டிலே நிகழ்ந்தது. 1786 நவம்பர் 30ஆம் நாள், அந்நாட்டை ஆண்ட பியேத்திரோ லெயொப்போல்தோ புதிய தண்டனைச் சட்டத்தைப் பிறப்பித்தார். வதையும் மரண தண்டனையும் அதனால் ஒழிந்தன. நூல் வெளிவந்து 22 ஆண்டுகளே கடந்திருந்தன.

உலகம் செவிசாய்த்தபோது மிலான் நகரம் யாது செய்தது? 1776இல் மரியா தெரேசா தம் ஒஸ்திரிய நாடுகளில் வதையை ஒழித்தார். மிலானிலும் ஒழிக்கலாமா எனச் செனட் சபையின் கருத்தை அரசு கேட்டது. வதை இன்றியமையாதது எனச் சபை விடையளித்தது. அவ்விடையை வரைந்தவர் கபிரியேலே வெரி. தந்தை வதைக்காக வாதிட்ட அக்காலத்திலேயே, மைந்தர் பியேத்திரோ வதைக்கு எதிராக ஒரு நூலை எழுதிக்கொண்டிருந்தார். 1630ஆம் ஆண்டின் வழக்கேடுகளைத் தேடியெடுத்து, பியாத்சாவும் மோராவும் எவ்வாறு வதைக்கப்பட்டனர், எவ்வாறு பொய்யுரைத்தனர் என்பதை ஏட்டின் சொற்களைக் கொண்டே அதில் விளக்கினார். குற்றமற்றவர் என்பதற்கு அவர்களின் நியாயாதிபதிகள் எழுதிவைத்த ஏடே சான்றாயிற்று.

அந்நூலைப் பியேத்திரோ அச்சிடவில்லை. செனட் சபையின் பழைய பெருமையைத் தாக்கும் நூல், அச்சபையில் வீற்றிருக்கும் தந்தையையும் தாக்கும் என அவர் அறிந்திருந்தார். தந்தை 1782இல் மறைந்தார். அதன் பின்னரும் நூல் வெளிவரவில்லை. பியேத்திரோ 1797இல் மறைந்தார். ஏழாண்டு கழித்து 1804இலேயே அது அச்சேறியது. மரபை எதிர்த்துப் பேசுதல் எளிதாகலாம். அம்மரபு உணவருந்தும் மேசையில் எதிரே அமர்ந்திருக்கும்போது, தன்னைப் பெற்றவரின் முகத்தோடு அமர்ந்திருக்கும்போது, பேசுதல் எளிதன்று. பியேத்திரோவின் மௌனத்தைக் கோழைமை என்று தள்ளுவோர் அந்நிலையை ஒருமுறை எண்ணிப்பார்த்தல் வேண்டும். அவர் மௌனம் காத்த அவ்வாண்டுகளிலும் வதைக்கூடம் வெறுமையாயிருக்கவில்லை என்பதையும் உடன் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இழிவுத் தூண் 1778இல் அகற்றப்பட்டது. 1780களில், மரியா தெரேசாவின் மைந்தர் இரண்டாம் யோசேப்பின் ஆட்சியில், மிலானிலும் வதை முடிவுற்றது. 1786இற் செனட் சபையே கலைக்கப்பட்டது. அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த பெக்காரியா, 1792இலும் தண்டனைச் சட்டத்தைத் திருத்தும் குழுவொன்றில் அமர்ந்து மரண தண்டனைக்கு எதிராகக் கருத்துரைத்தார். இரண்டாண்டின் பின்னர் அவர் மறைந்தார்.

அவருடைய மகள் யூலியா. யூலியாவின் மைந்தர், இத்தாலிய இலக்கியத்தின் பெரும்புலவர்களுள் ஒருவரான அலெசாந்திரோ மன்சோனி. பாட்டனாரும் அவர்தம் நண்பரும் தொட்ட பொருளை மன்சோனி மீண்டும் எடுத்தார். 1840களின் தொடக்கத்தில், இழிவுத் தூணின் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். பியேத்திரோ வெரி கண்ட உண்மையோடு மற்றோர் உண்மையையும் அவர் சேர்த்தார். வதையை அனுமதித்த சட்டமே கேட்டுக்குக் காரணம் என்றார் பியேத்திரோ. மன்சோனி அதனை மறுக்கவில்லை; ஆயின் அச்சட்டம் நடைபெற்ற அந்நாளிலும், ஏட்டிலிருந்த முரண்களைக் கண்டு, அவ்விருவரும் குற்றமற்றவர் என்பதை அறிய நியாயாதிபதிகளால் முடிந்திருக்கும் என்றார். ஊராரின் சினத்துக்கு அவர்கள் அஞ்சினர். எவரையேனும் தண்டித்தாக வேண்டுமென விரும்பினர். ஆதலாற் காணவேண்டியதைக் காணாது விட்டனர். சட்டம் தீயதாயிருந்தமை மனிதரின் பொறுப்பை முற்றும் நீக்கிவிடாது என்பது அவர் தீர்ப்பு.

இவ்விரு உண்மைகளும் இலங்கைக்குத் தொலைவானவை அல்ல. ஒல்லாந்தர் ஆட்சியில் இத்தீவிலும் வதைத்து விசாரிக்கும் வழக்கம் இருந்தது. 1799இல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த்தின் பிரகடனம் அதனையும் கொடிய தண்டனை முறைகளையும் ஒழித்தது. ஐரோப்பாவில் எழுந்த அலையின் ஒரு வீச்சு அது. 1956இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் மரண தண்டனையை நிறுத்திவைத்தது. 1958இல் அதற்கெனச் சட்டமும் நிறைவேறியது. 1959 செப்டெம்பரில் அப்பிரதமரே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு துயரிலும் சினத்திலும் ஆழ்ந்திருக்க, அச்சட்டம் நீக்கப்பட்டது. 1976இன் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. சட்டநூலினின்று அத்தண்டனை அகற்றப்படவும் இல்லை. துயரும் சினமும் மேலோங்கிய வேளையிலேயே நியாயம் பேசுதல் கடினம். நியாயத்தின் தேவை மிகுவதும் அவ்வேளையிலேயே.

மிலான் இளைஞரின் பெருமை, அவர்கள் குறையற்றவராயிருந்தமையில் இல்லை. ஒருவர் கோபக்காரர், ஒருவர் சோம்பர், ஒருவர் ஊரைவிட்டு நீங்கினார், நட்பையும் அவர்களாற் காக்க முடியவில்லை. தந்தையர் இயல்பென்று ஏற்றுக் கடந்த ஒன்றை அவர்கள் நின்று பார்த்தனர். இது ஏன் என்று வினவினர். விடையைப் பிறர் படிக்குமாறு எழுதினர். அவர்கள் செய்தது அவ்வளவே.

மோராவின் வீடு இருந்த இடத்திலிருந்து எடுத்த கற்பலகை, மிலானின் ஸ்போர்சா கோட்டையிலுள்ள அரும்பொருட் சாலையில் வைக்கப்பட்டிருக்கின்றது. வீடு கட்டலாகாதென்று அது கட்டளையிட்ட நிலத்தில் இன்று கட்டடங்கள் எழுந்துள்ளன. அருகிற் செல்லும் தெருவுக்கு நகரத்தார் பெயர் சூட்டியுள்ளனர். அது மோராவைத் தண்டித்த நியாயாதிபதிகள் எவருடைய பெயரும் அன்று. யான் யாக்கமோ மோரா என்ற நாவிதரின் பெயர்.